வைவாவில் நான் சொன்ன உன் கதை

அன்புள்ள உனக்கு,

பெயர் போடவில்லை. நம் வகுப்பில் பாதிப் பேர் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் தேவைப்படாது, மற்றவர்களுக்கு அது தெரியவே வேண்டாம்.

ராஜினாமா கொடுத்துவிட்டேன். மார்ச் மூன்றாவது செவ்வாய், உலக சமூகப்பணி நாள். அலுவலகத்தில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, ஆளுக்கொரு அட்டையைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். என் அட்டையில் என்ன எழுதியிருந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை. போட்டோ முடிந்ததும் உள்ளே போய்க் கவரை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். குழந்தைகள் பாதுகாப்பில் 14 வருஷம், அதோடு சரி. அடுத்த மாதத்திலிருந்து ஒரு கம்பெனியில் மனிதவளப் பிரிவு. சிரிக்காதே. சமூகப்பணிப் படிப்பில் ஹெச்.ஆரைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்களை நாம் இரண்டு பேரும் என்னவெல்லாம் பேசியிருக்கிறோம் என்பது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது.

படிக்கும்போது களப்பணியில் நாம் பார்த்த அந்தச் சிறுமி யார், எந்த இல்லம், உன்னிடம் என்ன சொன்னாள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியக் கூடாது. அவள் இப்போது வளர்ந்த பெண். தன் கதையை யாரோ ஒருத்தி இணையத்தில் எழுதிவைத்திருப்பதை அவள் ஒருநாள் வாசிக்க நேர்ந்தால்... வேண்டாம்.

எனக்குத் திரும்பத் திரும்ப வருவது அந்த மாடிப்படிதான். கீழிருந்து மூன்றாவது படியில் நீ உட்கார்ந்திருந்தாய். வலது கைச் சுண்டுவிரலை மட்டும் இடது கையால் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தாய், காயம் பட்டது மாதிரி. என்னடி ஆச்சு என்றேன். "சுண்டுவிரல் கோத்து சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்டி, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு" என்றாய். அப்புறம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாய். சொல்லும்போது உன் முகத்தில் பயம் இருந்தது, கூடவே ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை நீ மறைக்கப் பார்த்தாய். "என்கிட்ட மட்டும்தான் சொன்னா" என்று இரண்டு தடவை சொன்னாய். நீயும் யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்றே உனக்குத் தோன்றவில்லை.

ஆறு வாரம் நாம் இருவரும் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தோம். நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி கேள்வி கேட்டேன், குடும்ப வரைபடம் போட்டேன், ஒவ்வொரு நாளும் ரிப்போர்ட் எழுதினேன். நீ அவளுக்குத் தலை வாரிவிட்டாய். அவள் வாய் திறந்தது உன்னிடம்.

சமூகப்பணியாளர் தன்னிடம் வருகிறவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் எழுதிவைத்த ஏழு கொள்கைகளைப் பரீட்சைக்கு முன்னால் பஸ்ஸில் ஒருவருக்கொருவர் ஒப்பித்தோமே. ஏற்றுக்கொள்ளுதல், தீர்ப்பு சொல்லாமை என்று போய் ரகசியம் காத்தலில் முடியும். அந்தக் கடைசிக் கொள்கையைப் பற்றி எழுதும்போதே, அந்த உரிமை வரம்பில்லாதது அல்ல என்றும் அவர் சொல்லியிருக்கிறார். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. நாம் ஒப்பித்தது தலைப்புகளை மட்டும். ஏழும் வரிசையாக வந்துவிட்டால் மார்க் வந்துவிடும், அவ்வளவுதான் அப்போது நமக்குக் கவலை.

நான் மேடமிடம் சொன்னது சரி. அதற்கு மன்னிப்பு கேட்கப் போவதில்லை, இன்றைக்கு நடந்தாலும் சொல்வேன். சொல்லாமல் இருந்திருந்தால் அவள் அதே இடத்தில் அதே ஆட்களோடு இருந்திருப்பாள். உன் சத்தியத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு குழந்தையை அங்கே விட்டுவைக்க முடியாது. இதை எனக்கு நானே இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

நான் கேட்க வேண்டிய மன்னிப்பு வேறு. அந்தப் படியிலிருந்து மேடம் அறைக்கு ஒரு வராந்தா தூரம். "வாடி, ரெண்டு பேருமா போய்ச் சொல்லலாம்" என்று உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். அட, நான் சொல்லப் போகிறேன் என்றாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். நீ வாக்குவாதம் பண்ணுவாய், நேரம் போய்விடும் என்று அப்போது காரணம் வைத்திருந்தேன். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. மேடமுக்கு உன்னைத்தான் பிடிக்கும். அன்றைக்கு ஒரு நாளாவது சரியான ஆள் நானாக இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

உன்னை உள்ளே கூப்பிட்டு என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கதவு சாத்தியிருந்தது. அவர்களைப் பற்றி இங்கே எதுவும் எழுத மாட்டேன். அந்தக் குழந்தையை வேறு இடத்துக்குக் கூட்டிப்போன அன்று, வண்டியில் ஏறுவதற்கு முன் அவள் உன்னைப் பார்த்த பார்வையை மட்டும் நானும் பார்த்தேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவளுக்கு நான் யாரோதான். திங்கட்கிழமை நீ வரவில்லை. அதற்கடுத்த திங்களும்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ரகசியம் காத்தலின் எல்லைக்கு ஒரு களப்பணி உதாரணம் கேட்டார். சொன்னேன். "என் சக மாணவி ஒருத்தி" என்று ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், வகுப்பிலேயே அதிக மார்க் எனக்கு. முதல் வேலைக்கான இன்டர்வியூவிலும் அதையே சொன்னேன். பிறகு புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி எடுக்கும்போது வருஷத்துக்கு ஒரு தடவை, ஸ்லைடு எல்லாம் போட்டு. ஒவ்வொரு தடவையும் நீ இன்னும் கொஞ்சம் அசடாகிக்கொண்டே போனாய், நான் இன்னும் கொஞ்சம் நிதானமானவளாகிக்கொண்டே போனேன். கடைசியாகச் சொன்னபோது நீ என் தோளில் சாய்ந்து அழுகிறாய், நான் உனக்கு எடுத்துச் சொல்கிறேன். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. உன் அனுமதி இல்லாமல் உன்னை ஒரு கேஸ் ஆக்கிவிட்டேன், அதுதான் நான் செய்தது.

சரி, நீயும் ஒன்றும் குறைந்தவள் இல்லை. எத்தனை போன் செய்தேன், ஒன்றைக்கூட எடுக்கவில்லை. உனக்குக் கணக்குவழக்கு வேலை, ஆறு மணிக்கு வீடு என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம்தான். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ போட்ட பழைய வகுப்புப் படத்தின் கீழே "நல்லவேளை, நான் தப்பித்தேன்" என்று எழுதினாயே. எதிலிருந்து? ராத்திரி இரண்டு மணி போனிலிருந்தா, கோர்ட் வராந்தாவில் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்திருப்பதிலிருந்தா? திட்டத்துக்கு நிதி நின்றதும் நம் வேலையும் நின்றுவிடும், எனக்கு அது மூன்று தடவை நடந்தது. உனக்குத் தலை வாரிவிடும் அந்தக் கை இருந்தது. அது இருந்தவள் போய்விட்டாய், ரிப்போர்ட் எழுதத் தெரிந்தவள் இருந்தேன்.

1915இல் பால்டிமோரில், சமூக சேவைக்காரர்களின் மாநாட்டிலேயே மேடையேறி, நீங்கள் செய்வது ஒரு தனித்த தொழில்முறையே அல்ல என்று அமெரிக்கக் கல்வியாளர் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் சொன்னாரே, அதைக் கேட்டு வகுப்பில் நீதான் முதலில் கோபப்பட்டாய். நூறு வருஷம் தாண்டியும் வீட்டுக்கு வருகிறவர்கள் என்னிடம் "அது சரி, சம்பளத்துக்கு என்ன வேலை பாக்குறே?" என்றுதான் கேட்கிறார்கள்.

மற்றவர்கள் எங்கெங்கே என்று உனக்குத் தெரிந்திருக்காது. கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாளே, அவள்தான் இப்போது மருத்துவமனையில் நன்றாக வேலை பார்க்கிறாள். மருந்து எழுதிக் கொடுத்தால் மட்டும் போதுமா, நோயாளி திரும்பிப்போகும் வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா என்று பாஸ்டனில் டாக்டர் ரிச்சர்ட் கேபட் 1905இல் தொடங்கிவைத்த அதே வேலை. டிஸ்சார்ஜ் ஆகிறவரை யார் கூட்டிப்போவது, யார் பார்த்துக்கொள்வது என்று உறவுக்காரர்களிடம் மன்றாடுவதிலேயே அவள் பாதி நாள் போகிறது. ஒருத்தன் குடிநோயாளிகள் மறுவாழ்வில், ஒருத்தி பள்ளிக்கூடத்தில். பெரும்பாலானவர்கள் ஹெச்.ஆரில். சிலர் இந்தப் பக்கமே வரவில்லை.

இனி நானும் அந்தப் பெரும்பாலானவர்களில் ஒருத்தி. வேலையே ஆளைத் தின்று மனசு வற்றிப்போகும் 'எரிந்துபோதல்' (பர்ன்-அவுட்) என்பதை 1974இல் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் எழுதியது நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தொண்டு செய்தவர்களைப் பார்த்துத்தான், தன்னையும் சேர்த்துத்தான். பயிற்சியில் இதையும் நான் ஸ்லைடு போட்டுச் சொல்லியிருக்கிறேன். போன வருஷம் ஒரு குழந்தை என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போது நான் மணி பார்த்தேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அன்றைக்கே முடிவு செய்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளை என் எதிரே உட்கார்ந்தாலும், அது வாய் திறப்பதற்கு முன்பே, "நீ சொல்றதுல சிலத நான் வேற ஒருத்தர்கிட்ட சொல்ல வேண்டி வரலாம், அப்படி வந்தா மொதல்ல உன்கிட்டதான் சொல்வேன்" என்று சொல்லிவிடுவேன். சிலர் அதோடு எழுந்து போய்விடுவார்கள், பலர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேசுவார்கள். பதினான்கு வருஷமும் இதைத் தவறவிட்டதில்லை. உன்னிடம்தான் இதைச் சொல்லவில்லை.

அலமாரியைக் காலி செய்யும்போது உன் களப்பணி நோட்டு கிடைத்தது. அந்த வாரம் என் பையில் வைத்திருந்தாய், திரும்பக் கேட்கவே இல்லை. அதில் அவள் பெயர் இருக்கிறது, அதனால் தபாலில் அனுப்ப மாட்டேன். முறைப்படி நான் அதை அப்போதே ஒப்படைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அழித்திருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் அவள் பென்சிலால் எதையோ வரைந்திருக்கிறாள், அது உனக்காக வரைந்ததாக இருக்கும் போலிருக்கிறது, நான் சரியாகப் பார்க்கவில்லை.

கிழித்துவிடட்டுமா, நேரில் வந்து பார்க்கிறாயா? நீ சொல்கிற வரைக்கும் அதைத் தொட மாட்டேன். என் பழைய நம்பர்தான்.