எங்களுக்கு லீவு யார் குடுப்பா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நோயாளிய பாத்துக்கறவங்களுக்கு ஆபீஸ்ல லீவு குடுக்கணும்னு உங்க பேப்பர்ல போட்டிருந்தீங்க, சரிதான், ஆனா சொந்தமா தொழில் பண்ற எங்கள மாதிரி ஆளுங்க யார்கிட்ட போய் லீவு கேக்கறது? என் வீட்டுக்காரம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு, வாரத்துக்கு 3 நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம், அப்புறம் போக வர, ஊசி எடுத்த இடத்துல ரத்தம் நிக்கற வரைக்கும் பஞ்ச வெச்சு அழுத்திப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கறதுனு அன்னிக்குப் பொழுதே காலி.

பெட் பக்கத்துல லேப்டாப்ப மடியில வெச்சுக்கிட்டு கணக்கு எழுதிட்டிருப்பேன், மெஷின் கீக் கீக்னு கத்தும், அந்த நேரம் பாத்துதான் கஸ்டமர் போன் பண்ணுவாரு. வெளிய ஒரு வேலையா இருக்கேன்னு சொல்லிருவேன். உண்மைய சொன்னா அடுத்த மாசக் கணக்கு வேற ஆள்கிட்ட போயிடும் (போயிருக்கு, ரெண்டு பேர்). ராத்திரி அவளுக்கு கால் பிடிச்சு இழுக்கும், தேய்ச்சு விட்டு தூங்க வெச்சுட்டுதான் பாக்கி வேலை.

வீட்லயே ராத்திரி தூங்கறப்ப வயித்து வழியா பண்ற டயாலிசிஸ்னு ஒண்ணு இருக்கு, எல்லாருக்கும் ஒத்துவராதுதான், ஆனா அப்படி ஒண்ணு இருக்குன்னே எங்களுக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது. அத பத்தி ஒரு கட்டுரை போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்