சோடியம் கூடினால் உப்பை நிறுத்தினால் போதுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். 'சோடியம் குறைஞ்சிடுச்சு' என்பது வயதானவர்கள் உள்ள வீடுகளில் இன்று சகஜமான பேச்சு. அது கூடினால் என்ன ஆகும் என்று யாரும் பேசுவதில்லை. ஐசியூ நோயாளிக்கு சோடியம் 158 என்று ரிப்போர்ட் வந்தால், "கஞ்சியில் உப்பை நிறுத்திவிடலாமா?" என்றுதான் உறவினர்கள் முதலில் கேட்கிறார்கள். ஒரு லிட்டர் ரத்தத்தில் சோடியம் 145 மில்லிமோலைத் தாண்டினால், பெரும்பாலும் உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது என்றே பொருள். குழம்பு வற்றினால் கரிக்குமே, அதுபோல.

நடமாடுகிறவருக்கு இது அநேகமாக வராது. தாகம் எடுத்ததும் குடித்துவிடுவார். வென்டிலேட்டரில் மயக்க மருந்தோடு கிடப்பவரும், பக்கவாதத்தில் பேச்சு போனவரும் தண்ணீர் கேட்க முடியாது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.

ஒரு லிட்டர் நார்மல் சலைனில் (நரம்பில் ஏற்றும் உப்புக் கரைசல்) 154 மில்லிமோல் சோடியம், அதாவது 9 கிராம் உப்பு இருக்கிறது. ட்ரிப்ஸாக ஏற்றுவதைக் கணக்கில் வைக்கிறோம். ஆன்டிபயாடிக் கலக்கும் 100 மில்லி சலைன் பாட்டில்களைப் பலரும் எண்ணுவதில்லை. மூன்று மருந்து, தலா மூன்று வேளை என்றால் 900 மில்லி, எட்டு கிராம் உப்பு. நலமாக இருப்பவருக்கே நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்கு மேல், வீக்கம் வடியட்டும் என்று சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோஸ்மைடு போடுகிறோம். அதனால் இறங்கும் சிறுநீரில் இருக்கும் சோடியம் சலைனில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். உப்பு தங்கிவிடுகிறது, தண்ணீர் போய்விடுகிறது. கால் வீங்கியிருப்பவருக்கும் தண்ணீர்ப் பற்றாக்குறை இருக்கலாம் என்பதை நம்பக் கடினம்தான். ஐசியூவில் அது அடிக்கடி காண்பது. காய்ச்சல், பேதி, மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் மேனிட்டால் மருந்து, கட்டுக்கடங்காத சர்க்கரை எல்லாம் இதைக் கூட்டும். தலையில் அடிபட்டவருக்கோ மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் அறுவை செய்தவருக்கோ சிறுநீர் தெளிந்த நீராக மணிக்கு 300 மில்லி போனால் சிறுநீர்ப் பெருக்கைக் கட்டுப்படுத்தும் டெஸ்மோபிரசின் மருந்து தேவைப்படுமா என்று உடனே பார்க்க வேண்டும்.

சோடியம் ஏறும்போது மூளைச் செல்களிலிருந்து நீர் வெளியேறி மூளை சுருங்குகிறது. குழப்பம், வலிப்பு, கோமா வரை போகலாம். சுருங்கும் மூளை இழுப்பதில் மெல்லிய ரத்தக் குழாய் அறுந்து மண்டைக்குள் கசிவும் ஏற்படலாம். தசைகள் தளர்வதால் வென்டிலேட்டரிலிருந்து விடுவிப்பது தள்ளிப்போகும். 'மயக்க மருந்தை நிறுத்தியும் கண் விழிக்கவில்லை' என்றால் சோடியத்தையும் பாருங்கள்.

60 கிலோ எடையுள்ள முதியவரின் உடலில் நீர் சுமார் 30 லிட்டர். 158-ஐ இயல்பான அளவான 140-ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்து, 30-ஆல் பெருக்கினால் பற்றாக்குறை ஏறக்குறைய 3.9 லிட்டர். அன்றாட இழப்பு இதில் சேராது. இரண்டு நாளுக்கு மேல் நீடித்த உயர்வை 24 மணி நேரத்தில் சுமார் 10 மில்லிமோல் குறைப்பதே வழக்கம். வேகமாக இறக்கினால் மூளை வீங்கும் என்ற எச்சரிக்கை குழந்தைகளுக்கு நன்றாகப் பொருந்தும்; பெரியவர்களிடம் அதற்கான சான்று மெலிது. அந்தப் பயத்தில் தண்ணீரே கொடுக்காமல் நாட்களைக் கடத்துவதுதான் பெரிய தவறு.

குடல் வேலை செய்தால் மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபில் நான்கு மணிக்கொரு முறை 200 முதல் 250 மில்லி வெறும் தண்ணீர் போதுமான தொடக்கம். இல்லையென்றால் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) நரம்பு வழியாக. அதை வேகமாக ஓட்டினால் சர்க்கரை ஏறி, சிறுநீர் பெருகி, கொடுத்த நீரே வெளியேறும். ஊசி மருந்து கலக்கும் ஸ்டெரைல் வாட்டரை நேராக நரம்பில் ஏற்றவே கூடாது; சிவப்பணுக்கள் வெடித்துவிடும். ஆறு மணிக்கொரு முறையாவது சோடியம் பார்க்க வேண்டும்.

டியூபோடு வீட்டுக்கு அனுப்பும்போது உணவுப் பொடியின் அளவை எழுதித் தருகிறோம். ஒரு நாளுக்கு எத்தனை மில்லி தண்ணீர் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். டியூபைக் கழுவ விடும் 30 மில்லி அந்தக் கணக்குக்குப் போதாது.

– தீவிர சிகிச்சை மருத்துவர்கள் சிலர், மதுரை