ஐந்து நொடி முன்னால் வெட்டுங்கள்

கால்பந்து உலகக் கோப்பையின் பழைய ஆட்டங்களைத் தொகுத்துப் போடும் விளையாட்டுச் சேனல் நண்பர்களுக்கு,

வணக்கம். பிரேசில் ஜெர்மனியை ஜெயித்த 2002 இறுதி ஆட்டம் என்றாலே ரொனால்டோவின் இரண்டு கோல்களையும் போடுகிறீர்கள். போடுங்கள், தப்பே இல்லை. ஆனால் பந்து அவர் காலுக்கு வரும்போதுதான் உங்கள் காட்சி தொடங்குகிறது. அதற்கு முன்னால் இருக்கும் ஆள் ஒவ்வொரு முறையும் கத்தரிக்குப் போய்விடுகிறார். அதே பிரேசில் அணியின் ரிவால்டோவைத்தான் சொல்கிறேன்.

யோகோஹாமா, 67-வது நிமிடம். ஜெர்மனியின் ஹமானிடமிருந்து பந்தைப் பறித்து ரொனால்டோ கொடுக்க, பெட்டிக்கு வெளியிலிருந்து இடது காலால் அடித்தவர் ரிவால்டோ. அதுவரை தொடர் முழுக்க ஒரே ஒரு கோல் விட்டிருந்த ஜெர்மன் கோல்கீப்பர் ஆலிவர் கானின் கையிலிருந்து அந்த அடிதான் நழுவியது. 79-வது நிமிடம் இன்னும் அழகு. வலப்பக்கமிருந்து க்ளெபர்சன் தள்ளிய பந்து நேராக ரிவால்டோவிடம் வருகிறது. அடிக்கப்போகிறார் என்று எல்லோரும் நினைக்க, தொடாமலே கால்களுக்கு நடுவில் போகவிடுகிறார். ஜெர்மன் தடுப்பு அவரைப் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் ரொனால்டோவுக்கு ஏகப்பட்ட இடம். தொடாத பந்துக்குப் புள்ளிவிவரத்தில் இடம் கிடையாது, சரி. காட்சியிலாவது கொடுக்கலாமே?

அந்தத் தொடரின் முதல் ஐந்து ஆட்டங்களிலும் ஆட்டத்துக்கு ஒன்றாகக் கோல் போட்டவர் அவர். இங்கிலாந்துக்கு எதிராகச் சமன் செய்த கோலும் அவருடையதுதான். ஆனால் அந்த ஆட்டம் என்றால் ரொனால்டினோவின் ஃப்ரீ கிக்கில் இங்கிலாந்து கோல்கீப்பர் சீமன் ஏமாந்ததுதான் எல்லோருக்கும் ஞாபகம்.

1999-இல் உலகின் சிறந்த வீரராக பாலன் தோர் விருது வாங்கியவர், இன்று ரொனால்டோ, ரொனால்டினோ, ரிவால்டோ என்ற மூன்று 'ஆர்'களில் மூன்றாவதாகத்தான் நினைவுக்கு வருகிறார். ரொனால்டினோவின் சிரிப்பும் இல்லை, ரொனால்டோவின் அந்த விசித்திர முடிவெட்டும் இல்லை. ரெசிஃபே பக்கத்து வறுமையில் வளர்ந்த, அதிகம் பேசாத மனிதர். சொந்த ஊர்க்காரர்களே பாதி நாள் திட்டினார்கள். 1996 ஒலிம்பிக் அரையிறுதியில் நைஜீரியாவிடம் தோற்ற பழியில் பெரும்பங்கு இவர் தலையில்தான் விழுந்தது.

ஆனால் ஒரு காட்சியை மட்டும் நீங்கள் முழுசாகவே போடுகிறீர்கள்: அதே 2002 தொடரில், உல்சானில் துருக்கி வீரர் உதைத்த பந்து தொடையில் பட, இவர் முகத்தைப் பொத்திக்கொண்டு சுருண்டு விழுந்தது. கேவலமான நடிப்புதான், அபராதமும் கட்டினார். அதை மறைக்கச் சொல்லவில்லை. அதையே போட்டுப் போட்டு அவரை நடிகராகவே ஆக்கிவிட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

அடுத்த முறை அதைப் போட்டால், கூடவே 2001 ஜூன் 17-ஐயும் சேருங்கள். ஸ்பெயின் லீக்கில் அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். வலென்சியாவை ஜெயித்தால்தான் அவர் ஆடிய பார்சிலோனாவுக்கு சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு. ஸ்கோர் 2-2, பார்சிலோனாவின் இரண்டுமே ரிவால்டோ அடித்தவை. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ஃபிராங்க் டி போயர் தூக்கிக் கொடுத்ததைப் பெட்டியின் விளிம்பில், கோலுக்கு முதுகைக் காட்டியபடி நெஞ்சில் வாங்கி, அப்படியே பின்னால் சாய்ந்து தலைக்கு மேலே உதைக்கும் பைசிக்கிள் கிக். 3-2. இதையும் தயவுசெய்து அவர் நெஞ்சில் வாங்குவதிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய ரிவால்டோ ரசிகன்