காலாண்டுச் செய்திகளும் தரங்கம்பாடிச் சுற்றுலாவும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் வீட்டுக்கு வந்திருக்கும். தேர்ச்சி திருப்தியாக உள்ளது. குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் நம் பிள்ளைகள் பரிசுகள் வாங்கினார்கள். கலைத் திருவிழாவிலும் நன்றாகச் செய்தார்கள். உழைத்த ஆசிரியர்களுக்கும் ஒத்துழைத்த உங்களுக்கும் பாராட்டுகள்.

அப்புறம், ஒன்பதாம் வகுப்பின் தரங்கம்பாடிக் கோட்டைச் சுற்றுலா. தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு 1620-ல் டேனியர் கட்டத் தொடங்கி, 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போன கோட்டை அது. இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். வகுப்பில் ஐந்து நிமிடத்தில் கடந்துபோகும் பாடத்தைப் பிள்ளைகள் அங்கே கீழ்த்தளத்து இருட்டறைகளிலும் மதில் மேலிருந்த பீரங்கிகளின் அருகிலும் நின்று கேட்டார்கள். பழைய வாள்களையும் பீங்கான் பாத்திரங்களையும் விட்டு நகரவே மனமில்லை அவர்களுக்கு. அதுவரை எல்லாம் சரி.

புறப்படும் நேரத்தில் அருங்காட்சியக ஊழியர் ஒருவர் எங்கள் வரலாற்று ஆசிரியரை அழைத்துப்போய், கடலைப் பார்த்த சுவர் ஒன்றைக் காட்டினார். காம்பஸ் முனையால் மூன்று பெயர்கள் கீறப்பட்டிருந்தன. ஒன்றில் வகுப்பும் பிரிவும்கூட இருந்ததால் விசாரணை சுலபமாக முடிந்தது. அந்த ஊழியர் எங்களைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

பிள்ளைகள் வேண்டுமென்றே கெடுதல் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. சுவரில் ஏற்கெனவே நிறையப் பெயர்கள் இருந்தன என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். பூச்சில் கீறல் விழுந்தால் உப்புக் காற்றும் ஈரமும் உள்ளே இறங்கும், செங்கல் பொரிந்து உதிரும். சிமென்ட் வைத்து அடைக்கவும் முடியாது, அது ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபடி சுண்ணாம்புதான் அரைத்துப் பூச வேண்டும். பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோயிருப்பதை அன்று எல்லாரும் பார்த்தோம். கடல் செய்வது போதாதா?

இந்தக் கோட்டையில்தான் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு 1708-ல் சிறை வைக்கப்பட்டார். பின்னாளில் தமிழை அச்சேற்றிய அவர் நான்கு மாதம் அடைபட்டுக் கிடந்தும் சுவரில் பெயர் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. நம் பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் போதுமானதாக இருந்திருக்கிறது.

ஒரு பெற்றோர் தொலைபேசியில், "எல்லாரும்தான் எழுதியிருக்காங்க சார், இதுக்குப் போயா கூப்பிட்டீங்க?" என்று கேட்டார். இதை நான் ஏற்கவில்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன். 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி காக்கப்படும் சின்னங்களைச் சேதப்படுத்துவது குற்றம். பள்ளிச் சீருடையில் செய்தால் பழி பள்ளிக்கும் வரும். இனி ஒருமுறை இப்படி நடந்தால் அந்த வகுப்புக்கு அந்த ஆண்டு சுற்றுலா கிடையாது. உடன் வந்த பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புகைப்படத்துக்காகப் பிள்ளைகளைப் பீரங்கி மேல் உட்கார வைக்காதீர்கள். யார் என்று இங்கே எழுதப்போவதில்லை.

மூன்று மாணவர்களையும் பள்ளியை விட்டு அனுப்பும் பேச்சே இல்லை. தொல்லியல் துறைக்கு அவர்களே மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒருவன் சுண்ணாம்பு அரைக்க வரலாமா என்றும் அதில் கேட்டிருக்கிறான். அவர்கள் பெயரைச் சொல்லி மற்ற பிள்ளைகள் கேலி செய்யாமல் வீட்டில் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாளே வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்ட, அந்த மூவரில் ஒருவரின் தாய்க்கு என் தனிப்பட்ட நன்றி. விடியற்காலையில் எழுந்து எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தவர்களுக்கும், பேருந்து தாமதமாக வந்தபோது முகம் சுளிக்காமல் வாசலில் காத்திருந்தவர்களுக்கும் நன்றி.

பத்தாம் வகுப்புச் சுற்றுலாவுக்கான ஒப்புதல் படிவத்தை இணைத்திருக்கிறேன். அன்று ஜியோமெட்ரி பாக்ஸ் வீட்டிலேயே இருக்கட்டும். கையெழுத்திட்டு வரும் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்