கார்டுக்கு முன்னால் எஸ்எம்பிஎஸ்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முட்டி வலி இப்போது பரவாயில்லை. தம்பிக்கு ஆர்எக்ஸ் 6600 என்ற கிராபிக்ஸ் கார்டு, அதாவது கேம் படத்தைத் திரைக்கு வரைந்து தரும் கார்டு ஒன்றை ஆன்லைனில் ஆர்டர் போட்டு நேராக வீட்டுக்கே அனுப்பிவிடுகிறேன் என்று போனில் சொன்னாய். கொஞ்சம் பொறும்மா. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டேன். பார்த்ததை எழுதுகிறேன், படித்துவிட்டு முடிவு பண்ணு.

நீ காலேஜ் படிக்கும்போது வாங்கிய அதே கம்ப்யூட்டர்தான். ஐ5 4460 புராசஸர், எச்81 போர்டு, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ. அந்தக் கார்டு 2014-இல் வந்தது. இன்றைக்கும் ஓடுகிறது, ஆனால் அதன் 2 ஜிபி மெமரியில் இப்போது வருகிற கேம்கள் அடங்காது. அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புது கேம் டிரைவர், அதாவது கார்டை ஓட்டும் மென்பொருள் தருவதையும் என்விடியா கம்பெனி 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. மாற்ற வேண்டியதுதான். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

பக்கத் தகட்டைக் கழற்றியதும் என் கண் போனது எஸ்எம்பிஎஸ் மேல்தான், கம்ப்யூட்டர் முழுக்கக் கரண்ட் கொடுக்கும் பெட்டி அது. யுபிஎஸ்ஸும் ஸ்டெபிலைசரும் பிரித்துப் பிரித்தே பழகிய கை இது, வேறு எங்கே போகும்? ஸ்டிக்கரில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும், அதைத்தான் படிக்க வேண்டும். 12 வோல்ட் லைனுக்கு 16 ஆம்ப்ஸ் என்று இருக்கிறது. 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். புராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் முக்கியமாகத் தின்பது இந்த 12 வோல்ட்டைத்தான். மேலே இருக்கும் 450 மற்ற லைன்களையும் சேர்த்து, கொஞ்சம் தாராளமாகவும் போட்ட கணக்கு. உன் 6600-க்கு 132 வாட், புராசஸருக்கு 84. இரண்டையும் கூட்டினாலே 216 ஆகிறது. ஃபேன், ஹார்ட் டிஸ்க் எல்லாம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

கம்பி வலை வழியாக டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். கரண்ட்டைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர்களில் இரண்டின் தலை உப்பியிருக்கிறது, கெட்டுப்போவதற்கு அடையாளம். ஒன்றின் மேல் பழுப்பாகக் கசிந்து காய்ந்த தடம். காசிமேட்டு உப்புக் காற்று வேறு, ஸ்க்ரூ ஒன்றுவிடாமல் துரு. பழைய கார்டின் தகடும் அப்படித்தான். கார்டைக் கழற்றி, அதன் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்து மறுபடி மாட்டினேன். அவ்வப்போது திரை கறுத்துப் போகிறது என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தானே, அது அதோடு நின்றுவிட்டது.

6600-க்கு 8 பின் பவர் ஒயர் வேண்டும். இந்த எஸ்எம்பிஎஸ்ஸில் அது கிடையாது. கடையில் கேட்டால் பழைய நாலு பின் மோலெக்ஸ் ஒயரை 8 பின்னாக மாற்றும் கன்வர்ட்டர் ஒன்றைக் கொடுத்து, போட்டுக்கோங்க சார், ஒன்றும் ஆகாது என்பார்கள். ஆகும். அப்படிப் போட்ட கனெக்டர்கள் என் சர்வீஸ் மேஜைக்கு வந்திருக்கின்றன: மஞ்சள் ஒயர் கருத்து, வெள்ளை பிளாஸ்டிக் உருகி, பின் உள்ளேயே ஒட்டிப்போய், பிடித்து இழுத்தாலும் வராது. 8 பின் வழியாக 150 வாட் வரை போகலாம் என்று கணக்கு. மெலிந்த மோலெக்ஸ் ஒயர் அதைத் தாங்குமா? தம்பி ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருகிறவன், கருகல் வாசனை வந்தாலும் எழுந்து பார்க்க மாட்டான். அதனால் முதல் செலவு நல்ல பிராண்டில், '80 பிளஸ் ப்ரான்ஸ்' தர முத்திரை உள்ள 450 வாட் எஸ்எம்பிஎஸ். அடுத்த கம்ப்யூட்டர் வாங்கினாலும் அதைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம், பணம் வீண் போகாது.

எஸ்எம்பிஎஸ் மாற்றிய பிறகு 6600 போடலாமே என்று கேட்பாய். ஓடும். ஆனால் இந்தப் புராசஸர் அதற்கு ஈடு கொடுக்காது. நாலு கோர், நாலே த்ரெட், ஒரே நேரத்தில் நாலு வேலைதான் பார்க்கும். அவன் வேலரன்ட் கேம் ஆடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைக்கச் சொல்லிப் பார்த்தேன். புராசஸர் 100 சதவீதத்தைத் தொட்டு நிற்கிறது, இந்தப் பழைய கார்டுக்கே முழு வேலை கொடுக்க முடியவில்லை. அது மட்டுமில்லை, இந்தப் புராசஸர் விண்டோஸ் 11-இன் பட்டியலிலேயே இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓட்டப்போகிற பெட்டி. அதற்குத் தகுந்த செலவு போதும்.

என் முடிவு ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. 2024 பிப்ரவரியில் வந்தது, 70 வாட்தான். போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுத்துவிடும் என்பதால் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் ஒயர் வேண்டாம். ஒன்று கவனி, இதே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது. அது 130 வாட், வேகமும் கூடுதல், கிட்டத்தட்ட வேறு கார்டு என்றே சொல்லலாம். கடையில் 3050 என்று மட்டும் சொன்னால் எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள். பெட்டியைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

விலை குறைவு என்று ஆர்எக்ஸ் 6400-ஐயும் காட்டினாயே, அது வேண்டவே வேண்டாம். 53 வாட்தான், உண்மை. ஆனால் அது நாலு லேனில், அதாவது போர்டோடு பேச நாலே பாதையில் ஓடுகிற கார்டு. புது போர்டில் அது பெரிய குறை இல்லை. நம் எச்81 போர்டு தருவதோ பிசிஐஇ 2.0 என்ற பழைய வேக ஸ்லாட், ஒரு லேனுக்கு நொடிக்கு 500 எம்பி. நாலு லேனுக்கு 2 ஜிபி. கார்டின் 4 ஜிபி மெமரி நிறைந்து வழிந்ததும் மிச்சமெல்லாம் இந்தச் சந்து வழியாகத்தான் ரேமுக்குப் போய் வர வேண்டும், படம் திக்கித் திக்கி நிற்கும். 3050-க்கு எட்டு லேன், மெமரியும் 6 ஜிபி. இன்னொரு காரணம், எனக்கு அதுதான் பெரிது: 6400-இல் வீடியோ என்கோடர், அதாவது எடிட் பண்ணிய வீடியோவைச் சுருக்கி ஃபைலாக்கும் பகுதி இல்லை. நம் தெருப் பசங்க ஆடும் ஃபுட்பால் மேட்ச்சையெல்லாம் தம்பிதான் எடிட் பண்ணித் தருகிறான். ராத்திரி எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுப் படுப்பான், காலையில் பார்த்தால் பாதியில் நின்றிருக்கும். உன்னிடம் வாய் திறந்து எதுவும் கேட்க மாட்டான். அந்த வேலையை 3050 தானே எடுத்துக்கொள்ளும், புராசஸருக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். இன்டெல் ஆர்க் ஏ380 என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ரீசைசபிள் பார், அதாவது கார்டின் மெமரி முழுவதையும் புராசஸர் ஒரே மூச்சில் எட்டும் வசதி வேண்டும், நம் போர்டில் இல்லை. விட்டுவிடு.

செகண்ட் ஹேண்ட் கார்டு பற்றி விசாரிக்க மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் வந்தேன். ஆர்எக்ஸ் 580 என்று ஒன்றை எடுத்து வைத்தார்கள். திருப்பிப் பார்த்தால் 2048எஸ்பி. அசல் 580-இல் 2304 கோர், இதில் அவ்வளவு கிடையாது. 2022 செப்டம்பரில் எத்திரியம் மைனிங், அதாவது கார்டுகளை ஓட்டி அந்த டிஜிட்டல் நாணயத்தைச் சம்பாதிக்கும் வேலை முடிந்த பிறகு, வருடக்கணக்கில் இரவு பகலாக ஓடிய கார்டுகள் நிறைய சந்தைக்கு வந்தன. எது அப்படி ஓடியது என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது. பழைய சிப்புக்கு பயாஸ் என்ற உள் மென்பொருளை மாற்றி 1050 டிஐ என்று காட்டும் போலிகளும் உண்டு. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தால் அதில் பலதும் மாட்டிக்கொள்ளும், ஆனால் எல்லாக் கடையிலும் மாட்டிப் பார்க்க விடுவதில்லை. அதனால் கார்டு புதிது, பில்லோடு, வாரன்டியோடு. ரேம் மட்டும் பழையது வாங்கலாம். போர்டில் இரண்டு ஸ்லாட், ஒன்று காலியாக இருக்கிறது. 8 ஜிபி டிடிஆர்3 ஒன்று போட்டால் 16 ஆகிவிடும், இந்தப் போர்டு தாங்குவதும் அவ்வளவுதான்.

ஸ்லாட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை டேப் வைத்து அளந்தேன், 24 சென்டிமீட்டர். இரட்டை ஃபேன் கார்டு எடுப்பதாக இருந்தால் நீளம் அதற்குள் இருக்க வேண்டும். போர்டின் பயாஸையும் கம்பெனி தளத்திலிருந்து எடுத்துப் புதுப்பித்துவிட்டேன்.

ஆன்லைனில் எதையும் ஆர்டர் போடாதே. பணத்தை அம்மா கணக்கில் போடு. ஞாயிறு ரிச்சி தெருவில் பாதிக் கடை பூட்டிக் கிடக்கும், அதனால் சனிக்கிழமை மத்தியானம் தம்பியையும் கூட்டிக்கொண்டு போகிறேன். கடையிலிருந்து வீடியோ கால் போடுகிறேன், பெட்டியில் 6 ஜிபி என்று இருக்கிறதா என்று நீயும் ஒரு முறை படித்துப் பார்த்துச் சொல். பில்லை உன் பெயரிலேயே போடச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா