பயோட்டினைப் பிணைக்கும் நொதி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பின்னும் நீ உயிர்வேதியியலைக் கைவிடவில்லை என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நானும் சில மாதங்களாக ஒரே ஒரு நொதியைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். பயோட்டின் ஒரு வைட்டமின் என்று அன்று மனப்பாடம் செய்தோமே தவிர, அதை உரிய புரதத்தோடு சேர்த்து வைப்பது எது என்று நாம் கேட்டதே இல்லை.

மனித உடலில் அந்தப் பணியைச் செய்வது ஹோலோகார்பாக்சிலேஸ் சின்தட்டேஸ். அது முதலில் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவிட்டுப் பயோட்டினை, அந்த ஏடிபியின் ஒரு பகுதி ஒட்டிய, வினைத்திறன் மிக்க ஓர் அடினிலேட்டாக மாற்றித் தன்னிடமே பற்றி வைத்துக்கொள்கிறது; பிறகு கார்பாக்சிலேஸ் (பயோட்டினின் துணையால் மூலக்கூறுகளில் கார்பன் டை ஆக்சைடைச் சேர்க்கும் நொதி) புரதத்தில், லைசின் என்ற அமினோ அமிலங்களுள் குறிப்பிட்ட ஒன்றின் பக்கச்சங்கிலி முனையில் அமைடு பிணைப்பால் பொருத்திவிடுகிறது. கொழுப்பு அமில உருவாக்கம், குளுக்கோஸ் உற்பத்தி, சில அமினோ அமிலங்களின் சிதைவு ஆகியவற்றுக்குத் தேவையான ஐந்து கார்பாக்சிலேஸ்களும் இந்த ஒரு நொதியை நம்பியே இருக்கின்றன. செல்லுக்குள் எண்ணற்ற லைசின்கள் இருக்க, பெரும்பாலும் மெத்தியோனின் என்ற வேறோர் அமினோ அமிலம் இரண்டுக்கு நடுவே, மடிந்த பகுதியொன்றின் வளைவில் அமர்ந்திருக்கும் அந்த ஒன்றை மட்டும் அது பிழையின்றிக் கண்டுகொள்வதை எண்ணும்போதெல்லாம் வியந்து நிற்கிறேன்.

ஈ.கோலை பாக்டீரியாவில் இதே வேலையைச் செய்யும் பிர்-ஏ என்ற புரதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பயோட்டின் ஏற்கக் காத்திருக்கும் புரதம் இல்லாதபோது, அடினிலேட்டைச் சுமந்த பிர்-ஏ மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து டி.என்.ஏ.வில் அமர்ந்து, பயோட்டின் தயாரிக்கும் மரபணுக்களையே அடக்கிவிடுகின்றன.

இந்த நொதிக்கான மரபணு மனிதரில் 21-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் இரு பிரதிகளும் பழுதான குழந்தைக்கு இரத்தத்தில் அமிலம் மிகும். தோலில் தடிப்பும் வலிப்பும் வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. ஆயினும், பழுதான நொதி பலவேளைகளில் பயோட்டினைப் பற்றும் வலுவைத்தான் இழந்திருக்கிறது என்பதால், பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதுமான அந்த வைட்டமினை 10 முதல் 20 மில்லிகிராம் வரை, அதாவது 300 மடங்குக்கும் மேலாகக் கொடுத்தால், அந்த நொதி மீண்டும் இயங்கத் தொடங்குகிறது. இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

எல்லோருக்கும் இந்தப் பலன் முழுமையாகக் கிட்டுவதில்லை என்பதுதான் வருத்தம். பயோட்டினைப் பற்றும் இடத்திற்கு வெளியே, நொதியின் முன்பகுதியில் நேரும் சில மாற்றங்கள் அவ்வளவாக இணங்குவதில்லை. இப்போது அந்த முன்பகுதியைத்தான் படித்து வருகிறேன். நீயும் படித்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்