கடனில் மூழ்கியவருக்கும் சட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கம்பெனி நொடித்தால் 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம் கைகொடுக்கிறது. அதில் தனிநபர்களுக்கும் ஒரு பகுதி உண்டு. ஆனால் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே அது 2019 டிசம்பரில் அமலானது. மும்பையில் மற்றவர்கள் திவால் மனு போட வேண்டுமானால் 1909-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றப் படியேற வேண்டும். தாராவியில் இட்லி விற்பவர் எந்த வக்கீலைப் பிடிப்பார்?

எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) ஓர் அண்ணாச்சி, மகள் கல்யாணக் கடனை அடைக்க இன்னொரு கடன், அதற்கு வட்டி கட்ட செல்போன் ஆப் கடன் என்று சிக்கிக்கொண்டார். ராத்திரி போன் அடித்தால் அவர் மனைவி அதைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுகிறார். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர்கள் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த அக்காவுக்கு இதை யார் சொன்னார்கள்? இங்குள்ள தமிழ்ச் சங்கங்களாவது சொல்லலாமே.

மத்திய அரசு 2016 சட்டத்தின் தனிநபர் பகுதியை எல்லோருக்கும் உடனே அமல்படுத்த வேண்டும். ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும் கடன் 35,000 ரூபாய்க்கும் மிகாதவருக்கே தள்ளுபடி என்று அதில் இருக்கும் வரம்பையும் உயர்த்த வேண்டும். இந்த ஊரில் அது வாடகைக்கே காணாது.

– ஒரு வாசகர், தாராவி, மும்பை